கசடிலிருந்து வந்த கிண்ணம்: சேலம், ஏற்காடு நாட்குறிப்பு

வெள்ளி, சேலம்

பாரா-டெர்ட்-பியூட்டைல்ஃபீனால் 10 கிராம், பாராஃபார்மால்டிஹைடு மூன்றரை கிராம், சைலீன் 60 மில்லி, அடர்த்தியான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் நாலே சொட்டு. இன்று காலை சேலத்தில் ஒரு கல்லூரியின் எம்.எஸ்சி. ஆய்வகத்தில் இவ்வளவும் ஒரு குடுவைக்குள் போனது. இதைப் பார்க்கத்தான் நேற்று இரவு சென்னையில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தேன்.

அழைத்தவர் ஆராய்ச்சிக் காலத்தில் எனக்கு மூத்தவர், அன்றிலிருந்து எனக்கு அண்ணன். இப்போது அந்தக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். போனில் சொன்னது இவ்வளவுதான்: "கேலிக்சரீன் பண்ணப் போறோம்பா. நீ வந்து பசங்ககிட்ட அதோட கதையைச் சொல்லு. நான் சொன்னா பாடம்னு நினைச்சு நோட்டை எடுத்துருவாங்க." இந்த மாதிரி அழைப்பை மறுக்க எனக்கு மனசு வராது. கேலிக்சரீன்மேல் எனக்குள்ள பிரியம் பழையது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஃபீனால் வளையங்கள் சிலவற்றை இடையில் ஒரு கார்பன் வைத்து ஒன்றோடொன்று இணைத்து, கடைசியை முதலோடு சேர்த்து மூடினால் கிடைக்கும் பெரிய வளையம்தான் கேலிக்சரீன். நாலு ஃபீனால் சேர்ந்தால் ஒரு சின்னக் கிண்ணம். மேல்விளிம்பு அகலம், கீழ்விளிம்பு குறுகல், கீழே ஹைட்ராக்சில் குழுக்கள் நாலும் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவே ஒரு குழி. அந்தக் குழிக்குள் இன்னொரு மூலக்கூறு வந்து உட்காரலாம், விளிம்பில் நாம் எதையாவது பொருத்தினால் குறிப்பிட்ட ஓர் உலோக அயனியை மட்டும் தேடிப் பிடிக்கவும் வைக்கலாம். ஆறு, எட்டு ஃபீனால் கொண்ட வளையங்களும் உண்டு. இன்றைக்குச் செய்வது எட்டு ஃபீனால் கொண்டது. இனி நாலு வளையம், ஆறு வளையம், எட்டு வளையம் என்று நான் சொல்வதெல்லாம் அத்தனை ஃபீனால் சேர்ந்த ஒரே வளையத்தைத்தான்.

கொதிக்க நாலு மணி நேரம் ஆகும். புகைபோக்கிப் பெட்டியின் விசிறி நன்றாக இழுக்கிறதா என்று அண்ணன் ஒரு துண்டுத்தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை ஏற்றினார். ஃபார்மால்டிஹைடு விஷயத்தில் இந்தக் கவனம் வேண்டும், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. நைட்ரஜன் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கக் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர ஆரம்பித்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து 1872இலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த வருடம் ஜெர்மனியில் அடால்ஃப் வான் பேயர் ஃபீனாலையும் ஆல்டிஹைடையும் சேர்த்துப் பார்த்தார். கிடைத்தது பிசின் போன்ற தார். அதைப் பிரித்தறிய அன்றைக்குக் கருவி ஏதும் இல்லை, அவரும் விட்டுவிட்டுப் போனார். முப்பத்தைந்து வருடம் கழித்து அதே பிசினைப் பிடித்துக்கொண்டு லியோ பேக்லாண்ட் 1907இல் பேக்லைட் செய்தார். பழைய கருப்பு ஸ்விட்ச், குக்கரின் கைப்பிடி எல்லாம் அந்தக் குடும்பம்தான். பேக்லைட்டில் ஃபீனால் மூன்று திசையிலும் கிளைத்துப் பிணைந்து, உருகாத, கரையாத ஒரே கட்டியாகிவிடும்.

இங்கேதான் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து அலோயிஸ் சிங்கே வருகிறார். ஃபீனாலின் மூன்று கைகளில் ஒன்றை முன்கூட்டியே டெர்ட்-பியூட்டைல் குழுவால் அடைத்துவிட்டால் மிச்சம் இரண்டு கைதானே, அப்போது வலை பின்ன முடியாது, சங்கிலிதான் நீளும். 1940களின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஃபார்மால்டிஹைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து ஆளிவிதை எண்ணெயில் 200 டிகிரிக்குச் சூடாக்கினார். மிக உயர்ந்த வெப்பத்தில் உருகும் ஒரு படிகப்பொருள் கிடைத்தது. 1944இல் அவர் முன்வைத்த வடிவம், நாலு ஃபீனால் மூடிய வளையம். அன்றைக்கு இருந்த சான்றுகளை வைத்து இவ்வளவு தூரம் போனது பெரிய துணிச்சல் என்றே நினைக்கிறேன்.

முதலில் கலவை முழுக்கக் கரைந்து தெளிவாக இருந்தது. ஒரு மணி நேரம் தாண்டியதும் வெள்ளையாக ஒன்று இறங்க ஆரம்பித்தது. பசங்க எல்லோரும் எழுந்து வந்து குடுவையைச் சுற்றி நின்றார்கள்.

அந்த வெள்ளைப் படிவைக் காட்டி அடுத்த கதையைச் சொல்ல எனக்கு வசதியாகப் போயிற்று. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் பெட்ரோலைட் என்று ஒரு நிறுவனம். கச்சா எண்ணெயோடு கலந்திருக்கும் தண்ணீரைப் பிரிக்க, பாரா-ஆல்கைல் ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்த பிசின்களிலிருந்து மருந்து தயாரித்து விற்றார்கள். அதில் கரையாத கசடு அடியில் தங்கி வாடிக்கையாளர்களுக்குத் தொல்லையானது. புகார் வந்தது. கசடு என்னவென்று பார்க்க நிறுவனத்தின் வேதியியலாளர்கள் உட்கார்ந்தார்கள், பியூரிக்ஸ், ஃபாக், மன்ச் என்று மூன்று பேர் பெயர் அதன் காப்புரிமையில் வரும். அந்தக் கசடுதான் வளையம். அவர்கள் சைலீனில் செய்த முறைதான் இப்போது எங்கள் முன்னால் கொதித்துக்கொண்டிருப்பது.

அந்த நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர் அதே ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் குட்சே. நொதிகள் செய்வதைச் சின்னச் செயற்கை மூலக்கூறுகளைக் கொண்டு செய்ய முடியுமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. நொதி என்றால் முதலில் ஒரு குழி வேண்டும். கசடில் குழி இருந்தது. கேலிக்சரீன் என்ற பெயரும் 1970களின் பிற்பகுதியில் அவர் வைத்ததுதான்.

மாணவன் ஒருவன், அவன் வீட்டில் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை, ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "கொலுசுல கண்ணி கோத்து முடிச்ச பிறகு கொக்கி வைக்கத் தனியா ஒரு ஆள் உக்காருவாங்க சார். இங்க சங்கிலி நீண்டுக்கிட்டே போகாம யாரு கொக்கி மாட்டுறாங்க?"

கேலிக்சரீன் வேதியியலின் நடுநாயகமான கேள்வி இதுதான். வளையம் மூடும் வினைகளுக்கு வழக்கமாகக் கரைசலை ரொம்ப நீர்த்துப் போகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு சேர்ந்து நீளமாகிவிடும். இங்கே அப்படி எதுவும் செய்யவில்லை, அடர்த்தியாகவே கொதிக்கிறது, ஆனாலும் வளையம் மூடுகிறது. காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. சங்கிலியில் வரிசையாக இருக்கும் ஹைட்ராக்சில் குழுக்கள் ஒன்றையொன்று இழுத்துச் சங்கிலியை வளைக்கின்றன. எட்டு வளையத்துக்கு குட்சே சொன்ன விளக்கம், நாலு ஃபீனால் கொண்ட இரண்டு சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டி எதிரெதிரே நிற்கின்றன, பிறகு இரண்டு முனையும் சேர்கின்றன என்பது. காரத்தின் அளவைப் பத்து மடங்கு போல உயர்த்தி, சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டால் அதே சைலீனில் ஆறு வளையம் வரும், நூற்றுக்கு எண்பதுக்கு மேல் விளைச்சலோடு. டைஃபீனைல் ஈதரில் 250 டிகிரிக்கு மேல் கொதிக்கவிட்டால் நாலு வளையம். பொருள் அதே மூன்றுதான். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த ஆச்சரியம் இன்னும் குறையவில்லை.

மாலையில் ஆறவைத்து வடிகட்டினோம். புனலில் வெள்ளைத்தூள். திங்கள்வரை காயட்டும் என்று மூடிவைத்தார் அண்ணன். திரும்பும் வழியில் அஞ்சு ரோடு பக்கம் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட். பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்து இரண்டு தட்டுவடைக்கு நடுவே அழுத்திக் கொடுப்பார்கள். சேலத்துக்கு வந்துவிட்டு இதைச் சாப்பிடாமல் போகக்கூடாது.

சனி, ஆத்தூர் ரோடு

ஏற்காடு போவதற்கு முன்னால் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையைப் பார்த்துவிடலாம் என்று சொன்னது நேற்றைய மாணவிகளில் ஒருத்தி. அவளுடைய அப்பா அங்கே வேலை பார்க்கிறார். நேற்று பேச்சுவாக்கில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பற்றி நான் சொன்னதும், "மாவிலிருந்து வருமா சார்? எங்க ஊர் மாவா?" என்று கேட்டாள். எந்த ஊர் மாவும் சரிதான் என்றேன்.

தை மாதம், ஆலைக்கு நல்ல பருவம். லாரி லாரியாகக் குச்சிக்கிழங்கு வந்து இறங்குகிறது. தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை எடுத்து, ஈரமாகவே குலுக்கிக் குருணையாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். களம் முழுக்க வெள்ளை, கண் கூசுகிறது. சேலத்து ஜவ்வரிசி பெரும்பாலும் விற்பனைக்குப் போவது சேகோசர்வ் கூட்டுறவு மூலம், 1981இல் தொடங்கியது. மாணவியின் அப்பா எங்களைத் தொட்டி தொட்டியாகக் கூட்டிப்போய்க் காட்டினார். "தண்ணி நல்லா இல்லன்னா மாவு நிறம் ஏறிக்குமுங்க. எல்லாம் தண்ணியில இருக்குதுங்க" என்றார்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் சங்கிலி, சுருண்டு சுருண்டு போகும். சில பாக்டீரியாக்களின் நொதி அந்தச் சுருளில் ஒரு சுற்றை வெட்டி, வெட்டிய முனைகளை ஒட்டி, ஆறு ஏழு எட்டு குளுக்கோஸ் கொண்ட வளையமாக மூடிவிடும். அதுதான் சைக்ளோடெக்ஸ்ட்ரின். 1891இல் பிரான்சில் வில்லியர்ஸ் என்பவர் மாவில் பாக்டீரியா வளர்த்தபோது கொஞ்சமாகக் கிடைத்த படிகம். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒத்துப்போகும், உள்பக்கம் எண்ணெய்த்தன்மை. தண்ணீரில் கரையாத மருந்தை உள்ளே உட்காரவைத்துக் கரைக்கப் பயன்படுகிறது, துர்நாற்றத்தைப் பிடித்துவைக்கவும்.

குழியுள்ள மூலக்கூறுகளின் குடும்பத்தில் மூத்தது இது. அடுத்தது கிரீடம் போன்ற ஈதர்கள், 1967இல் டூபாண்ட் நிறுவனத்தில் சார்லஸ் பெடர்சன் வெளியிட்டது. அவர் வேறு எதையோ செய்யப்போய், மூலப்பொருளில் இருந்த அசுத்தத்தால் நூற்றுக்கு அரைக்கும் குறைவாக ஒரு பக்கவிளைபொருள் கிடைத்தது. கொட்டிவிடாமல் அதை எடுத்துப் பார்த்தார், உள்ளே பொட்டாசியம் கச்சிதமாக உட்கார்ந்தது. 1987இல் டொனால்ட் கிராம், ழான்-மரி லேன் இருவரோடு நோபல் பரிசு. இன்னொன்று, குக்கர்பிடூரில். 1905இல் பெரெண்ட் செய்து வைத்ததன் வடிவம் 1981இல் மாக் குழு படிகத்தை ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. இந்தத் துறை முழுக்கவே இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. வேண்டாம் என்று ஒதுங்கிய தாரையும் கசடையும் அசுத்தத்தையும் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

மத்தியானத்துக்கு மேல் பழைய பஸ் ஸ்டாண்ட் வந்து ஏற்காடு பஸ் பிடித்தோம். மாணவிக்கு வீட்டில் வேலை, அவள் வரவில்லை. அண்ணன், நான், கொலுசுக்கார வீட்டுப் பையன், அவன் நண்பன் ஒருவன். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் காற்று கொஞ்சம் குளிர்ந்துகொண்டே போனது.

ஞாயிறு, ஏற்காடு

காலையில் சேர்வராயன் கோயில். மலையின் உச்சி இதுதான், கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் சொச்சம். குகைக்குள் சாமி, குனிந்துதான் போக வேண்டும். வெளியே நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. மேட்டூர் அலுமினியத்துக்காக ஒருகாலத்தில் பாக்சைட் வெட்டிய மலை இது, அந்தச் செம்மண்ணை இன்றும் பார்க்கலாம்.

வழியெல்லாம் காபிப்பழம் பறித்துக் களத்தில் கொட்டியிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

நடக்கும்போது பையன் நேற்று ராத்திரி யோசித்ததைக் கேட்டான். சிங்கே வடிவத்தைச் சொல்லிவிட்டார் என்றால் குட்சேக்கு என்ன வேலை மிச்சம்?

மிச்சம் நிறைய. 1955இல் லண்டனில் ஜான் கார்ன்ஃபோர்த் காசநோய்க்கு மருந்து தேடும்போது சிங்கேயின் பொருட்களைச் செய்து பார்த்தார். இவர் பிற்பாடு, 1975இல், வேறு வேலைக்காக நோபல் வாங்கியவர், காது கேட்காதவர். ஒரே ஃபீனாலிலிருந்து வெவ்வேறு உருகுநிலை கொண்ட இரண்டு பொருள் அவருக்குக் கிடைத்தது. இரண்டுமே நாலு வளையம், நிற்கும் கோலம்தான் வேறு என்று நினைத்தார். நாலு ஃபீனாலும் ஒரே பக்கம் பார்த்து நிற்கலாம், ஒன்று தலைகீழாகலாம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கவிழலாம், எதிரெதிர் இரண்டு கவிழலாம். யோசனை அழகானது. ஆனால் கரைசலில் மூலக்கூறின் அமைப்பையும் அசைவையும் காட்டும் என்.எம்.ஆர். கருவி வந்த பிறகு, ஹைட்ராக்சில் நாலும் வெறுமையாக இருக்கும்போது ஃபீனால்கள் அறை வெப்பத்திலேயே நொடிக்கு நூறு தடவை போலப் புரள்கின்றன என்று தெரிந்தது. அவ்வளவு வேகமாகப் புரளும் ஒன்றை இரண்டு புட்டியில் பிரித்து வைக்க முடியாது. உண்மையில் அவை வெவ்வேறு அளவு வளையங்கள். நாலு, ஆறு, எட்டு மூன்றும் கலந்து கலந்து வந்துகொண்டிருந்தன, எது எப்போது வரும் என்று யாருக்கும் கட்டுப்பாடு இல்லை.

குட்சே குழு இதைப் பிரித்தது. எவ்வளவு காரம், எந்தக் காரம், எந்தக் கரைப்பான், எவ்வளவு சூடு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, ஒவ்வொரு வளையத்துக்கும் தனி முறையை நிலைநாட்டியது. உருகுநிலை நாலுக்கு 342 டிகிரி வாக்கில், ஆறுக்கு 380, எட்டுக்கு 411. இடையே 1979இல் இத்தாலியின் பார்மாவில் ஆந்த்ரேட்டி, உங்காரோ, பொக்கீனி மூவரும் நாலு வளையத்தின் படிகத்தை எக்ஸ்-ரேயில் படம்பிடித்தார்கள். கிண்ணத்துக்குள் ஒரு டொலுயீன் மூலக்கூறு உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் வடிவத்தைப் பற்றி விவாதம் இல்லை.

குட்சே செய்தவற்றில் எது பெரிது என்று கேட்டால் நான் பெயரையும் சொல்லமாட்டேன், கட்டுரைகளின் எண்ணிக்கையையும் சொல்லமாட்டேன். 1990இல் மூன்று வளையங்களுக்குமான செய்முறை ஆர்கானிக் சிந்தசிஸ் தொகுப்பில் வந்தது. அந்தத் தொகுப்பில் ஒரு முறை அச்சேற வேண்டுமென்றால் வேறொரு ஆய்வகத்தில் வேறு ஆட்கள் அதைச் செய்து பார்த்து, அதே விளைச்சல் வர வேண்டும். மலிவான மூன்று பொருள், சாதாரண குடுவை, நாலு மணி நேரம், இத்தனை கிராம் நிச்சயம். இந்த நம்பிக்கை கிடைத்த பிறகுதான் உலகம் முழுக்க ஆட்கள் உள்ளே வந்தார்கள். நொதியைப் போல் செய்ய ஆசைப்பட்டவர்கள், அணுக்கழிவுக்காரர்கள், பசை விற்பவர்கள், உணர்விகள் செய்பவர்கள் எல்லோரும் அதே வெள்ளைத்தூளிலிருந்து கிளம்பினார்கள். ஒரு துறையைத் திறந்துவிடுவது என்றால் எனக்கு இதுதான்.

பகோடா பாயின்ட்டில் என் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. வாசலில் சாமான் விற்கும் ஒருவர் உடனடிப் பசை இரண்டு சொட்டு வைத்து அழுத்தி ஒட்டிக் கொடுத்தார், காசு வேண்டாமென்று சொல்லிவிட்டார். பசையைப் பார்த்ததும் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். 1980களில் அயர்லாந்தில் லாக்டைட் நிறுவனத்தோடு சேர்ந்து மெக்கெர்வி என்ற பேராசிரியர், விளிம்பில் எஸ்டர் கட்டிய கேலிக்சரீன்களை இந்த வகைப் பசையில் கலந்தார். மரம், தாள் போன்ற பரப்பில் சாதாரணப் பசை சட்டென்று பிடிக்காது. கேலிக்சரீன் சோடியம் போன்ற நேர் அயனியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், துணையில்லாத எதிர் அயனி சுறுசுறுப்பாகி வினையை ஓட்டும். குழி இருக்கிற மூலக்கூறுக்குக் கடையில் விற்கும் ஒரு பயன் கிடைத்தது இப்படித்தான். செருப்பு வீடுவரை தாங்கியது.

சாயங்காலம் ஏரிக்கரையில் குளிர் ஏறியதும் அறைக்குத் திரும்பி, போர்வையோடு உட்கார்ந்து மீதியைப் பேசினோம். பசங்களுக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பகுதிதான், எனக்கும்.

எட்டு வளையம், நாங்கள் வெள்ளியன்று செய்தது, 1994இல் ஒரு பெரிய வேலை செய்தது. கார்பன் புகைக்கரியிலிருந்து அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்தை, அதாவது ஃபுல்லரீனை, பிரிப்பது அப்போது செலவும் நேரமும் பிடிக்கும் காரியம். புகைக்கரியின் டொலுயீன் கரைசலில் எட்டு வளையத்தைப் போட்டால் அந்தப் பந்தை மட்டும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும், பிறகு குளோரோஃபார்ம் விட்டால் பந்தை விட்டுவிடும். ஆட்வுட், ராஸ்டன் குழுவும் ஜப்பானில் ஷின்காய் குழுவும் ஒரே வருடத்தில் தனித்தனியே இதைச் சொன்னார்கள்.

ஷின்காய் அதற்கு முன்பே, 1980களில், கேலிக்சரீனில் சல்ஃபோனேட் குழுக்களைக் கட்டித் தண்ணீரில் கரையவைத்தவர். அந்த ஆறு வளையம் யுரேனைல் அயனியை (யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது) மற்ற உலோகங்களைவிடப் பல மடங்கு ஆசையாகப் பிடிக்கும், ஏனென்றால் யுரேனைல் தன்னைச் சுற்றி ஒரே தளத்தில் ஐந்தாறு துணை வேண்டும் என்று கேட்கும், ஆறு வளையம் அதைத் தருகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் அளவில் யுரேனியம் இருக்கிறது, அதை எடுக்க முடியுமா என்பதுதான் ஆசை.

என்னைக் கேட்டால் மிகப் பெரியது சீசியம் கதை. அணுக்கழிவுத் தொட்டிகளில் சீசியம்-137 இருக்கும், அரையாயுள் 30 வருடம். அதே தொட்டியில் சோடியம் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. கோடிக்கணக்கான சோடியத்துக்கு நடுவே சீசியத்தை மட்டும் பொறுக்க வேண்டும். நாலு வளையத்தை எதிரெதிர் கவிழ்ந்த கோலத்தில் பூட்டி, ஒரு பக்கம் கிரீட ஈதரைப் பாலமாகக் கட்டினால் இது நடக்கும் என்று 1990களில் நெதர்லாந்தின் ட்வெண்டேயில் ரைன்ஹௌட் குழு, பார்மாவில் உங்காரோ, கஸ்னாட்டி, பிரான்சில் கடராஷ் அணு ஆய்வு மையத்து டோசோல் ஆகியோர் சேர்ந்து காட்டினார்கள். பூட்டுவது எப்படி என்று பையன் கேட்டான். ஹைட்ராக்சிலில் புரோப்பைல் அளவுக்குப் பெரிய குழுவைக் கட்டினால் ஃபீனால் வளையத்துக்குள் புகுந்து புரள முடியாது. எத்தில்வரை நழுவிவிடும், புரோப்பைலில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் புரூஸ் மாயர் குழு இதே வகை மூலக்கூறை வைத்துப் பிரித்தெடுக்கும் முறையை உருவாக்கியது, தென் கரோலினாவின் சவான்னா ரிவர் தொட்டிகளில் 2008இலிருந்து அது நிஜமாகவே ஓடியது. பெட்ரோலைட் கசடிலிருந்து அங்கேவரை! இங்கே பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்த வகைச் சீசியம் பிரிப்பில் வேலை நடந்திருக்கிறது. மும்பை ஐஐடியில் புல்லா ராவ் குழு கேலிக்சரீன் விளிம்பில் ஒளிரும் குழுக்களைக் கட்டி, அயனி வந்தால் வெளிச்சம் மாறும் உணர்விகள் செய்தது.

இவ்வளவு பேரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள் என்பதுதான் அழகு. 1991இல் ஜெர்மனியின் மைன்ஸில் ஃபோல்கர் போமர் முன்னின்று நடத்திய கூட்டம்தான் இவர்களுக்கான முதல் சந்திப்பு. மைன்ஸ் என்பது சும்மா வந்த இடமில்லை. அங்கே காம்மரர் என்பவர் 1970களிலேயே இந்த வளையங்களை ஒவ்வொரு ஃபீனாலாகச் சேர்த்துப் படிப்படியாகக் கட்டியவர், ஒரே குடுவை முறையில் வருவது இதுதானா என்று ஒப்பிட அந்த உழைப்பு உதவியது. அப்புறம் ஜப்பான், 1995இல் குட்சே குடிபெயர்ந்திருந்த டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த், 1997இல் பார்மா என்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூட்டம் ஊர் ஊராகப் போனது. கனிமம், கரிமம், படிகம், அணுக்கழிவு என்று தனித்தனியாக இருப்பவர்கள் ஒரே மூலக்கூறுக்காக ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். பின்னால் குக்கர்பிடூரில்காரர்களும், 2008இல் ஜப்பானின் ஓகோஷி கொண்டுவந்த பில்லர்அரீன் என்ற இன்னொரு வகை வளையத்துக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள், யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

"நம்ம காலேஜ்ல இருந்து யாராச்சும் போக முடியுமா சார்?" என்று மற்றப் பையன் கேட்டான். அண்ணன் உடனே, "போஸ்டர் போடுற அளவுக்கு வேலை இருந்தா நான் கூட்டிட்டுப் போறேன்டா" என்றார். அவர் வாய்வார்த்தைக்குச் சொல்பவர் இல்லை.

திங்கள், சேலம்

முதல் பஸ்ஸில் இறங்கி நேரே கல்லூரி. மாணவி எங்களுக்கு முன்பே வந்து காய்ந்த தூளைக் கழுவ ஆரம்பித்திருந்தாள். டொலுயீன், ஈதர், அசிட்டோன், தண்ணீர் என்று அந்த வரிசையிலேயே. அதன்பின் குளோரோஃபார்மில் கரைத்துப் படிகமாக்கினோம். குளோரோஃபார்ம் நிறையக் குடிக்கிறது, பொறுமை வேண்டும். ஆறியதும் பளபளவென்று ஊசி ஊசியாக வந்தது. வெளியே எடுத்து வைத்தால் உள்ளிருக்கும் கரைப்பான் போய், பளபளப்பு மங்கி வெள்ளைத்தூளாகிவிடும். பசங்க ஒவ்வொருவராகக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

எடை ஆறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பத்தே முக்கால் கிராம் வரக்கூடிய இடத்தில் இது நூற்றுக்கு ஐம்பத்தைந்து. தொகுப்பில் சொன்னது அறுபதுக்குக் கொஞ்சம் மேல். முதல் தடவைக்கு ரொம்ப நல்ல கணக்கு.

உருகுநிலை பார்ப்பதில்தான் சிக்கல். கல்லூரிகளில் உள்ள சாதாரண உருகுநிலைக் கருவி 411 டிகிரிவரை போகாது. பொருள் தனியா கலவையா என்று காட்டும் டிஎல்சி தகட்டில் ஒரே புள்ளி, அதுவரை திருப்தி. என்.எம்.ஆருக்குக் கொஞ்சம் மாதிரியைச் சின்னப் புட்டியில் போட்டு நான் சென்னைக்கு எடுத்துப் போகிறேன். எட்டு வளையம் என்றால் ஹைட்ராக்சிலின் சிகரம் 9.6 அருகே தெரிய வேண்டும். நாலு, ஆறு வளையங்களுக்கு அது இன்னும் மேலே, பத்துக்கு மேல் போகும், ஹைட்ரஜன் பிணைப்பு இறுகும் அளவுக்கு அது நகரும்.

இதைப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது செய்து பார்க்க நினைத்தால் எட்டு வளையத்தில் ஆரம்பியுங்கள். நாலு வளையத்துக்கு 250 டிகிரிக்கு மேல் கொதிக்கும் கரைப்பான், நல்ல சூடேற்றி, அனுபவம் எல்லாம் வேண்டும். எட்டுக்குச் சைலீன் போதும். புகைபோக்கி இல்லாமல் மட்டும் செய்யாதீர்கள். ஐந்து, ஏழு வளையங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், ஒற்றைப்படை வளையங்கள் விளைச்சல் குறைவாகவே தரும், முதல் அனுபவத்துக்கு அவை ஏற்றவை அல்ல.

அண்ணன் அடுத்த பருவத்துக்கு ஆறு வளையம் என்று முடிவு செய்துவிட்டார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அலமாரியிலேயே இருக்கிறது. அதில் சல்ஃபோனேட் கட்டி, தண்ணீரில் கரைத்து, மேட்டூர்ப் பக்கத்து நீரில் உலோக அயனி பார்க்கலாமா என்று கொலுசுக்கார வீட்டுப் பையன் கேட்டிருக்கிறான். எந்த அயனி, எந்த விளிம்பு என்று ஒரு பக்கம் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். எழுதியதை எனக்கும் அனுப்பச் சொன்னேன்.